உன் கருமாதிப் படத்துக்குக் கீழே

என் ஆசை அக்காவுக்கு,

நீ போன இடத்தில் பேப்பர் வருகிறதா? வந்தால் படத்துக்குக் கீழே உள்ள எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டுதான் இன்னும் பார்ப்பாய். நான் படிப்பேன், நீ பார்ப்பாய். ஒரு பேப்பருக்கு நாம் இரண்டு பேர். படமும் எழுத்தும் ஒத்துப்போனால்தான் நம்புவாய். ஒத்துப்போகாத அன்று காலையிலேயே வீட்டில் சண்டை.

இங்கே ஒரு சங்கதி நடந்திருக்கிறது. நம் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்ட வந்திருக்கும் கம்பெனி, லகாட் டவுன் கடைகளிலெல்லாம் ஒரு வண்ண நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. "வீடு மாற மகிழ்ச்சியோடு சம்மதித்த தோட்ட மக்கள், விருந்தில்" என்று அழகான தமிழ். அதற்கு மேலே படம். பந்தல், வாழை இலை, நம் ஆட்கள். எல்லார் முகத்திலும் சிரிப்பு.

நம்மில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. கூட்டத்துக்கே போகவில்லை. பின்னே எந்த விருந்து? பக்கத்து வீட்டு முனியம்மாக்காவிடம் காட்டினேன். "நம்ம மூஞ்சிதானே லா இருக்கு. எப்பவாச்சும் சரின்னு சொல்லியிருப்போம்," என்றார். எனக்குப் பயம் வந்ததே அப்போதுதான். அந்த நோட்டீஸ் இன்னும் நாலு நாள் கையில் இருந்தால், சம்மதித்துவிட்டோம் என்று நம் ஆட்களே நம்பிவிடுவார்கள் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து, உன்னை மாதிரி எழுத்தைக் கையால் மறைத்தேன். மறைத்த பிறகுதான் இலைகள் கண்ணில் பட்டன. பின்வரிசையில் சாப்பிட்டு முடித்தவர்கள் இலையைத் தங்கள் பக்கமாக மடிக்கவில்லை. துக்க வீட்டில் மடிப்பதுபோல எதிர்ப்பக்கமாகத் தூக்கி மடித்திருந்தார்கள். நல்ல விருந்தில் எவனாவது அப்படி மடிப்பானா?

அக்கா, அது உன் கருமாதிச் சாப்பாடு. வேலை வாங்க வந்த மண்டோரை நீ விளக்குமாற்றோடு துரத்திய கதையை அன்று பந்தியில் பெருமாள் மாமா சொன்னார், எல்லாரும் சிரித்தது அதற்குத்தான். உயிரோடு இருக்கும்வரை வீட்டை விட்டு நகர மாட்டேன் என்றவள் நீ. உன் சாவுச் சோற்றையே உன் லயத்தின் சம்மதமாக ஆக்கிவிட்டார்கள்.

ஈப்போவில் டீச்சராக இருக்கும் உன் மகள் கவிதாவிடம் சொன்னேன். அவள் நோட்டீஸில் எழுத்தை வெட்டிவிட்டு, படத்தை மட்டும் வகுப்பில் காட்டி, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கிறாள். ஒரு பெண் பிள்ளை எழுந்து, "டீச்சர், இது செத்த வீட்டுச் சாப்பாடு," என்றதாம். பிறகுதான் வெட்டிய எழுத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு நீதான் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தாயா என்று கவிதாவையும் விசாரித்தேன். "அம்மாவையே மிஞ்சிட்டீங்க சின்னம்மா," என்று சிரிக்கிறாள்.

ஒன்றுதான் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அந்தப் படம் நம் லயத்து வாட்ஸ்அப் குழுவில் மட்டும்தான் இருந்தது. கம்பெனிக்கு அனுப்பியது யார்? கோயிலில் கும்பிடும்போதுகூட ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். நீ இருந்தால் கண்டுபிடித்திருப்பாயா? இல்லை, கண்டுபிடித்தும் வாயை மூடிக்கொண்டிருப்பாயா?

வரும் ஞாயிற்றுக்கிழமை கம்பெனி நிஜமாகவே விருந்து வைக்கிறது. வாழை இலைச் சாப்பாடாம், படம் பிடிக்க ஆளும் வருமாம். யாரும் போகக் கூடாது என்றேன். போகாவிட்டால் பழைய படத்தையே மறுபடியும் போடுவார்கள் என்றாள் கவிதா. முனியம்மாக்கா நோட்டீஸை வாங்கி, இலைகளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலாம். நல்லா சாப்பிட்டுட்டு, இதே மாதிரி மடிச்சு வச்சிட்டு வந்துருவோம்," என்றார்.

உன்மேல் சத்தியம் அக்கா, லயத்து ஆட்கள் அத்தனை பேரும் இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். அதற்குக் கீழே அவர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

உனக்குப் பேப்பர் படித்துக் காட்டிய தங்கச்சி,
சரசு