உன் பன்னிரண்டு சிப்பாய்கள்

இன்று காலை சிவப்புச் சாயப் புட்டியின் மூடி இறுகிக்கொண்டது. பல்லால் கடித்துத் திருப்பியபோது எழுந்த வாடையில், பெக்கான் நானாஸில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசை அப்படியே கண்முன் வந்தது.

ஜோகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து போய், சிங்கப்பூர்க் கிடங்கில் நாம் இருவரும் ஒன்றாக வேலை பார்த்த காலம். சம்பளத்தன்று, கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்கள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கி வந்து, "நாமளே பெயின்ட் அடிக்கலாம்டா, ஜாலியா இருக்கும்லா" என்றாய். நாற்பது வயதில் இரண்டு பேரும் பொம்மையோடு உட்கார்ந்ததைப் பார்த்து உன் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

தண்ணீர் கலக்காமல் சாயத்தை அப்பியதில் என் முதல் சிப்பாய்க்கு முகமே மூடிப்போனது. "அலமாக்! மூக்கு எங்கடா போச்சு?" என்று நீ சிரித்தாய். உன்னுடையவனுக்கு மாறுகண்.

ஏழு வருட ஞாயிற்றுக்கிழமைகள். சாயத்தைப் பால்போல நீர்க்கவைக்கப் பழகினேன். அங்கியின் மடிப்புக்குள் நிழல் விழவைக்க இரண்டு வருடம் பிடித்தது. பிறகு கண்கள்: மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியால் ஒரே ஒரு புள்ளி. போட்டிகளில் பரிசும் வாங்கினேன். உன் ஆட்களுக்கு மட்டும் கடைசிவரை மாறுகண்தான். நீ அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.

ஜோகூர் பாருவில் நடந்த குழுப் போட்டிக்கு நான் பன்னிரண்டு, நீ பன்னிரண்டு என்று பிரித்துக்கொண்டோம். உன் பங்கை ஸ்கூடாயில் என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாய். நான் உன்னைக் கேட்கவில்லை. பன்னிரண்டு முகங்களையும் திருத்தினேன்.

போட்டியன்று உன் சிப்பாய் ஒருவனை எடுத்து வெகுநேரம் பார்த்தாய்.

"கொஞ்சம் டச்சப் பண்ணேன்லா" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது என் கை இல்லடா."

முதல் பரிசு கிடைத்தது. படத்தில் நீயும் நின்றாய். உன் பன்னிரண்டு பேரையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாய். அடுத்த ஞாயிறு முதுகு வலி என்றாய், அதற்கடுத்த ஞாயிறு விருந்தாளி. எனக்குப் புரிந்தது, கோபமும் வந்தது. பரிசு வாங்கிக் கொடுத்தவனிடமே இப்படியா என்று நானும் பேசாமல் இருந்தேன். நான்கு மாதம். பாலத்தில் மோட்டார் சைக்கிள் வரிசையில் நிற்கும்போது உனக்கு நெஞ்சு வலி வந்ததை உன் மனைவியின் அழுகையில்தான் கேட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார். "கடைசி மாசமெல்லாம் இதத்தான் சொரண்டிக்கிட்டே இருந்தாரு அண்ணே. நல்லாத்தானே இருக்குன்னேன்."

காரில் உட்கார்ந்து திறந்தேன். நான் தீட்டிய முகங்களை முழுக்கச் சுரண்டிவிட்டு, உன் கையால் மறுபடி தீட்டியிருந்தாய். பத்துப் பேர் மாறுகண்ணோடு என்னைப் பார்த்தார்கள். மீதி இரண்டு பேரைச் சுரண்டியதோடு சரி. உனக்கு நேரம் இருக்கவில்லை.

அந்த இருவரை முடித்துவிட ஒருமுறை உட்கார்ந்தேன், உன்னைப் போலவே. என் கைக்கு அது வரவில்லை. கண்கள் நேராகவே விழுந்தன. துடைத்துவிட்டேன். முகத்தில் சாயம் இல்லாமலே அலமாரியில் நிற்கிறார்கள். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தை இன்னும் என்னிடமே இருக்கிறது. மன்னிச்சிடுடா.