நோர்வே மேப்பிள் வீட்டுக்காரிக்கு

அக்கா,

இன்று காலை உங்கள் மரத்து இலையொன்று என் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. நல்ல மஞ்சள், நடுவில் தார் சொட்டியதுபோல் கறுப்புப் பொட்டுகள். எங்கள் தெருவில் மற்ற மரங்களெல்லாம் எப்போதோ மொட்டையாகிவிட்டன. நவம்பர் பாதி தாண்டியும் இலை கொட்டிக்கொண்டு நிற்பது உங்களுடையது மட்டும்தான். போன பிறகும் என் வீட்டுத் தரையை ஊத்தையாக்க உங்களால் முடிகிறது. அந்த ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். பாசம் என்று நினைத்துவிட வேண்டாம்.

டோர்செட் பார்க்கில் பதினாலாம் மாடியில் இருந்துவிட்டு, ரூஜில் உங்கள் வீட்டுக்கு நேரெதிரே நாங்கள் வீடு வாங்கி வந்த வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. எனக்கு இருக்கிறது. அதுவரை எனக்குச் சொந்தமென்று இருந்த மண், பல்கனியில் ஒரு வாளி. அதில் ஒரு கறிவேப்பிலை. அதுவும் குளிரில் செத்துப்போனது. அப்படிப்பட்டவளுடைய புது வீட்டு வாசற்படிக்குப் பக்கத்தில், யாரும் நடாமல் தானாகவே ஒரு கன்று முளைத்து நின்றால் அவள் என்ன செய்வாள்? உங்கள் வாசலில் நின்ற பெரிய மேப்பிளைப் பார்த்தேன். இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்று நானே தீர்மானித்தேன். சுற்றிச் செங்கல் வைத்தேன். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினேன். சிரிக்காதீர்கள்: வீடு குடிபூரல் அன்று விடியவே அதற்குத் திருநீறும் பூசினேன்.

அன்றுதான் நீங்கள் முதன்முதலாக எங்கள் வாசலுக்கு வந்தீர்கள். மயில்கழுத்து நிறச் சேலை, நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடி, கையில் பலகாரத் தட்டு. நான் மேப்பிள் என்று காட்டிய கன்றைக் கண்டதும் தட்டை இறக்கவில்லை, கண்ணாடியை இறக்கினீர்கள்.

"ஐயோ பிள்ளை, உது மேப்பிள் இல்லை, பொய்சன் ஐவி, தொட்டாலே கொப்புளம் போடும்! மூண்டு மூண்டு இலை, தெரியேல்லையே? சின்னப் பிள்ளையளைத் தூக்குங்கோ! ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ!"

"வடிவாப் பாத்துத்தான் சொல்லுறியளோ அக்கா?" என்றேன்.

"எனக்கு மரம் தெரியும், பிள்ளை."

அவ்வளவுதான். வந்த சனம் கழற்றிய செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்வாங்கியது. என் சொந்த மச்சாள் சாப்பிடாமலே, போய்த் தோய்ந்து குளிக்க வேண்டும் என்று காரில் ஏறினாள். பாயசம் அண்டாவோடு மிஞ்சியது. பின்னேரம் என் கணவர் இரண்டு கைக்கும் குப்பைப் பை கட்டி, மகனுடைய நீச்சல் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அந்தக் கன்றைப் பிடுங்கினார். எனக்கு ஒரு கிழமை உடம்பெல்லாம் கடித்தது, சொறிந்து தள்ளினேன். கலமைன் களிம்பு பூசிப் பூசி, சுண்ணாம்பு அடித்த மதில்போலத் திரிந்தேன். கடி இருந்ததே தவிர ஒரு கொப்புளம்கூட வரவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

நான் யோசிப்பதற்குள் ஊர் யோசித்து முடித்துவிட்டது. முதலில் எங்களுடையது 'ஐவி வீடு'. பிறகு நான் 'ஐவி வீட்டு அக்கா'. பிறகு வெறும் ஐவி. கோயிலில் புதிதாக வந்த ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்க, பக்கத்தில் நின்றவள் முந்திக்கொண்டு சொல்லிக் கொடுத்துவிட்டாள். ஐவி என்ற பெயருக்கு ஒரு முழுத் தேங்காய் உடைந்தது. பிள்ளையார் அந்த அருளை எந்த விலாசத்துக்கு அனுப்பினாரோ.

உண்மை தெரிய வந்தது கொலஸ்ட்ரோல் புண்ணியத்தில். டொக்டர் நடக்கச் சொன்னார். சனிக்கிழமைகளில் ரூஜ் ஆற்றங்கரைக் காட்டில் மரங்களைக் காட்டியபடி ஆட்களை நடத்திச் செல்லும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியோடு நானும் சேர்ந்தேன். ஒரு நாள் பாதையோரத்தில் என் கன்றே திரும்ப எழும்பி வந்ததுபோல் ஒன்று நின்றது. நான் கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தேன். அவர் சிரித்தபடி அதைக் கையால் தடவிக் கொடுத்தார். மனிற்றோபா மேப்பிளாம். சின்னதில் பொய்சன் ஐவியோடு உடன்பிறந்ததுபோலவே இருக்குமாம். ஆனால் மேப்பிள் இனம் எதுவானாலும் இலை சோடி சோடியாக, ஒன்றுக்கு நேரே ஒன்றாக வரும். பொய்சன் ஐவிக்கு ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாறி மாறி வரும். கண்ணாடியை இறக்கிய நீங்கள் தண்டையும் ஒருக்கால் பார்த்திருந்தால், நான் இன்றைக்கும் என் தாய் தகப்பன் வைத்த பெயரோடு இருந்திருப்பேன்.

அன்றைக்குத் தொடங்கியது என் படிப்பு. பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்தவள் இல்லை. இலையைத் திருப்பினால் வெள்ளி மினுங்குவது சில்வர் மேப்பிள். விளிம்பு அரம்போலப் பல்லுப் பல்லாக இருந்தால் ரெட் மேப்பிள். விளிம்பில் பல் இல்லாமல், காம்பை முறித்தால் தெளிந்த நீர் கசிந்தால் சீனி மேப்பிள். பார்வைக்கு அதே மாதிரி இருந்து, காம்பில் பால் வந்தால் நோர்வே மேப்பிள்.

நீங்கள் கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்துத் தெருவைக் கடந்து வந்து, உங்கள் மரத்தில் ஓர் இலையைப் பிடுங்கிக் காம்பை முறித்தேன். எருக்கலைபோல் வெள்ளை வெளேரென்று பால்.

அக்கா, நான் அந்த இடத்திலேயே கைதட்டினேன். எத்தனை வருஷம் அந்த மரத்தடியில் லண்டன் சனத்தையும் பாரிஸ் சனத்தையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தீர்கள்! "இந்த நாட்டுக் கொடியில இருக்கிறது உதுதான். அசல் சீனி மேப்பிள்" என்று எத்தனை பேருக்கு வகுப்பெடுத்தீர்கள்! ஒக்ரோபரில் ஊரே சிவந்து கிடக்க, உங்களுடையது மட்டும் பச்சையாக நிற்கும். கேட்டால், "நல்ல சாதி மரம் ஆறுதலாத்தான் பழுக்கும்" என்பீர்கள். கொடியாவது சாதியாவது. நோர்வேயிலிருந்து வந்து குந்திய மரம். நீங்களும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குந்தியதுபோல.

உடனே சொல்லவில்லை. என்னைச் சபையில் வைத்து விழுத்தியவரைச் சபையில் வைத்துத்தான் விழுத்த வேண்டும். அடுத்த யூனில் உங்கள் அறுபதாவது பிறந்தநாள் வர இருந்தது. பின்வளவில் பந்தல், ஊர் முழுக்க வரும். கேக் வெட்டி முடிந்ததும், ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் கையில் ஓர் இலையோடு கிட்ட வந்து, "அக்கா, உந்தக் காம்பில ஏன் பால் வருது?" என்று கேட்பதாகத் திட்டம். கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். என் கணவர் குளியலறைக் கதவைத் தட்டினார்.

"உள்ளுக்கை ஆரோட கதைக்கிறீர்?"

"எதிர்வீட்டு அக்காவோட."

"அவ எப்பிடி உள்ளுக்கை வந்தவ?"

"வருவா, வருவா."

வரவில்லை. பெப்ரவரியில், ஒரு சொல் சொல்லாமல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். முறித்துக் காட்ட மரத்தில் ஓர் இலைகூட இல்லாத மாதமாகப் பார்த்து.

செத்தவீட்டில் ஆகக் கூடுதலாக அழுதவள் நான். உங்கள் மகளே என்னைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னாள். "அவவில என்ன பட்சம் பாருங்கோ" என்றது சனம். பெட்டிக்குள் நீங்கள் வாயைச் சற்றே கோணிக்கொண்டு, மரம் தெரிந்தவர் மாதிரியே படுத்திருந்தீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பூப் போட்டேன்.

போன ஓகஸ்டில் உங்கள் கணவர், அதுதான் எங்கள் அத்தார், கையில் ஓர் இலையோடு தெருவைக் கடந்து வந்தார். நீங்கள் போனபிறகு அவர் சேட்டுக்குப் பொத்தான் சரியாகப் பூட்டுவதில்லை. பின்னால் உங்கள் மகள். வேலியோரம் பக்கத்து வீட்டு ரமணியும் நின்றாள்.

"பிள்ளை, உதை ஒருக்காப் பாரும். அவவின்ர மரத்தில எல்லா இலையிலயும் கறுப்புப் பொட்டு. அவ போன கையோட மரமும் போகப்போகுதோ?"

சபை சின்னதுதான். ஆனாலும் சபை. நான் எழும்பி நின்றேன்.

"உது சும்மா பங்கசு, பூஞ்சணம், அத்தார். நோர்வே மேப்பிளுக்கு வழமையா வாறது. ஓம், நோர்வே மேப்பிள். உது சீனி மேப்பிளும் இல்லை, கொடியில இருக்கிறதும் உதில்லை. இஞ்சை பாருங்கோ, பால்!" காம்பை முறித்து எல்லோருடைய மூக்குக்கும் முன்னால் நீட்டினேன். "அக்கா பிழை. அண்டைக்கு என்ர வாசலில நிண்டதும் பொய்சன் ஐவி இல்லை. அதுவும் பிழை!"

"ஓ, கூல் அன்ரி!" என்றாள் உங்கள் மகள். "பட் ஸ்ரில் மேப்பிள்தானே?"

"என்ன பொய்சன் ஐவி?" என்றாள் பிறகு குடிவந்த ரமணி. "உங்கட பேரே ஐவி எண்டெல்லோ நான் நினைச்சனான். வேதக்காரப் பேர், கிறிஸ்தவப் பேராக்கும் எண்டு."

அத்தார் இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப மரம் சாகாது?"

"சாகாது, அத்தார். விழுற இலையை மிச்சம் விடாமல் கூட்டி அள்ளினாக் காணும்."

"அது போதும் எனக்கு" என்று கண்ணைத் துடைத்தார்.

அக்கா, நான் இவ்வளவு காலம் பொத்திப் பொத்தி வைத்திருந்த வெடி நமுத்துப் போனது. இந்தத் தெருவில் அதைக் கேட்டுத் துள்ளக்கூடிய ஒரே ஆள் நீங்கள். "எனக்கு மரம் தெரியும்" என்று கத்தி, என் கையிலிருந்த இலையைப் பறித்து, ஊரைக் கூட்டி, மூன்று மாதம் என்னோடு பேசாமல் இருக்கக்கூடிய ஆள். மேப்பிளுக்கும் முருங்கைக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு குடும்பத்தை என்னிடம் விட்டுவிட்டுத் தப்பிவிட்டீர்கள். அத்தாருக்கு முதுகு வளையாது. அதனால் உங்கள் இலைகளைக் கூட்டி, கடதாசிப் பைகளில் அமுக்கி, தெருவோரம் வைப்பது யார்? நான். மிதிக்கிற மிதி ஒவ்வொன்றும் உங்களை நினைத்து மிதிப்பதுதான்.

போன மாதம் மூலை வீட்டுக்கு மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் குடிபூந்தது. சபை நிறைய ஆட்கள். வாசலில் இளம் மரமொன்று நின்றது. அது என்ன மரமென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. நான் முதலில் தண்டைப் பார்த்தேன். சோடி. காம்பை முறித்தேன். தெளிந்த நீர். "அசல் சீனி மேப்பிள், பிள்ளை" என்றேன். அடிமரத்தை மூடிக் குவித்திருந்த மரத்தூளைக் கையால் விலக்கி, "உளுந்துவடை மாதிரி நடுவில இடம் விட்டுப் போடுங்கோ, இல்லாட்டி அடி அழுகிப்போம்" என்றும் சொல்லிக் கொடுத்தேன். ஒருவரும் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை.

"இதெல்லாம் ஆரு அக்கா உங்களுக்குப் படிப்பிச்ச?" என்று அவள் கேட்டாள்.

உங்கள் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரு கோபத்துக்காகவே நான் இத்தனை மரத்தையும் படித்தேன் என்றால், அதைப் படிப்பித்தது நீங்கள்தான்.

"ஒருத்தரும் இல்லை, நானாப் படிச்சது" என்றேன்.

சொல்ல மாட்டேன், அக்கா. அங்கேயும் சொல்லவில்லை, இந்த மடலிலும் முதலிலிருந்து கடைசிவரை தேடிப் பாருங்கள், உங்கள் பெயர் இல்லை. இனி யார் கேட்டாலும் இதுதான் பதில். கோபம் வந்தால் எழும்பி வந்து கேளுங்கள். வாசலில்தான் நிற்கிறேன்.