நீங்கள் கொட்டாத காபி

இன்று காலை தூத்துக்குடியிலிருந்து கருவாட்டு லோடு வந்து இறங்கியது. நாற்பது வருடமாகக் கோழித் தீவன மில்லில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த வாடை எப்போதோ பழகிவிட்டது. இருந்தும் இன்று முதல் மூட்டை இறங்கியதுமே மூக்கில் ஏறியது. "இந்த வாசத்தோட பஸ் ஏறினா பக்கத்து சீட்டுல ஒருத்தரும் உக்கார மாட்டாங்க அம்மணி, சேலம் வரைக்கும் காலை நீட்டிட்டுப் போவேனுங்க" என்று நீங்கள் சொல்வீர்களே, அது ஞாபகம் வந்தது. ஆபீஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீங்கள் தவறிப்போய் இரண்டு மாதம் ஆகிறதாம். எனக்குப் போன வாரம்தான் தெரியும்.

இங்கே நீங்கள் முதலில் வந்தபோது என் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. நாமக்கல் பரமத்தி ரோட்டில் இந்த மில்லை ஆரம்பித்தவர் அவர். அவர் போன பிறகு, மில் என் பெயரில் இருந்தும் என்னிடம் யாரும் பேசமாட்டார்கள். மக்காச்சோளம் கொண்டுவருகிறவர் நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "ஊட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்று கேட்பார். என் கொழுந்தனார் வருவார். பேசுவார்கள், முடிப்பார்கள், நான் கையெழுத்துப் போடுவேன். தீவனக் கலவைக் கணக்கு, அதாவது மக்காச்சோளம் எத்தனை பங்கு, புண்ணாக்கு எத்தனை, கருவாட்டுத் தூள் எத்தனை என்பது, கொழுந்தனாரின் சட்டைப் பையில் இருந்த சின்ன டைரியில்தான் இருந்தது. அதை அவர் எனக்குக் காட்டியதே இல்லை. டைரி அவரிடம் இருக்கும்வரை மில்லும் அவரிடம்தான் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அப்படியான நாளில் நீங்கள் ஒரு ரெக்சின் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தீர்கள். மெட்ராஸ் கம்பெனி ஒன்று கோழித் தீவனக் கலவைக்கென்றே கம்ப்யூட்டர் புரோகிராம் போட்டிருக்கிறது, சேலம் பக்கத்துக்கு நான் ஏஜென்ட் என்றீர்கள். சரக்குகளின் அன்றைய விலையைப் போட்டால், முட்டைக் கோழிக்கு வேண்டிய சத்தும் குறையாமல், விலையும் மிஞ்சாமல் கலவையை அதுவே சொல்லும் என்றீர்கள். இதையெல்லாம் கொழுந்தனாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். அது உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்குமோ என்னவோ. எனக்கு இன்றும் மறக்கவில்லை.

கொழுந்தனார் விடவில்லை. "கம்பெனி மெட்ராஸ்ல இருக்குதில்ல, நேரா வாங்கிக்கலாம். நடுவுல ஒரு ஆள் எதுக்குங்க அண்ணி?" என்றார். உங்கள் முகத்துக்கு நேரேயே சொன்னார். வேறு ஆளாக இருந்தால் ஆயிரம் சமாதானம் சொல்லியிருப்பார். நீங்களோ, "அவுங்க சொல்றது சரிதானுங்க. நேரா வாங்கினா வெலை கொறையும். எங்கிட்ட வாங்கினா மேக்கொண்டு ஒண்ணும் வராது, நான் வாரேன், அவ்வளவுதானுங்க" என்றீர்கள். நீங்கள் வியாபாரத்துக்கே லாயக்கில்லாத ஆள் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. உங்களிடமே வாங்குவது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். மில்லில் நானாக எடுத்த முதல் முடிவு அதுதான்.

பிறகு கம்ப்யூட்டர் சொல்லித்தரப் புதன்கிழமைதோறும் வந்தீர்கள். ஆபீஸ் ரூம் கதவை முழுக்கத் திறந்துவைத்து, நிலைப்படி ஓரம் நாற்காலியைப் போட்டு, பாதி வெளியிலும் பாதி உள்ளேயுமாக உட்கார்ந்துகொள்வீர்கள். புருஷனை இழந்தவள் இருக்கும் அறையில் ஊர் வாய்க்கு வேலை வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் அது என்று எனக்குத் தெரியும். கீபோர்டை நீங்கள் தொட்டதே கிடையாது. "உங்க வெரலுதான் ஓட்டோணும்ங்க. நான் ஓட்டினா நான் போனதும் மெஷினும் நின்னு போயிரும்" என்பீர்கள். தட்டுத் தடுமாறி ஒரு மாதத்தில் முதல் கலவையை நானே எடுத்தேன். மெஷினில் கலவை போடும் மிஸ்திரியைக் கூப்பிட்டு அந்தக் காகிதத்தைக் கொடுத்தபோது அவர் வழக்கம்போலக் கொழுந்தனாரைத்தான் பார்த்தார். கொழுந்தனார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மிஸ்திரி காகிதத்தை வாங்கிக்கொண்டு போனார்.

வாரத்தில் மற்ற ஆறு நாளும் நான் யாரிடமும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை, அண்ணா. சொன்னால் நம்பமாட்டீர்கள், புதன்கிழமைக்கென்று கேட்கவேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவைப்பேன். பாதிக்குமேல் கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமில்லாத கேள்விகள். ராசிபுரத்தில் மழையா, உங்கள் மகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்பது மாதிரி.

அந்த வருடத்து ஆயுத பூஜையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். சுற்றி வளைத்துக்கொண்டு இருக்கிறேன்.

மில்லில் அன்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். அரவை மெஷின், தராசு, மண்வெட்டி, லாரி, கடைசியில் சாக்குத் தைக்கும் கோணி ஊசி வரைக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. என் வீட்டுக்காரர் இருந்தவரை தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் போனவள் நான். இப்போது கொழுந்தனாரின் மனைவி ஏந்தினாள். நான் குடோன் பக்கம், மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. எல்லோரும் பொரி வாங்கிக்கொண்டு போன பிறகு ஆபீஸ் ரூமுக்குள் போனேன். தட்டில் மிச்சம் இருந்தது. புரோகிராம் இருந்த பிளாப்பியை உறையிலிருந்து எடுத்தேன். கறுப்பாக, சதுரமாக, நடுவே ஒரு வட்டமும் அதற்குக் கீழே நீளவாக்கில் ஒரு சின்னத் திறப்புமாக இருக்குமே. அந்தத் திறப்பு வழியே உள்ளே பழுப்பாகப் பளபளப்பது தெரியும். முகம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அங்கேதான் வைத்தேன், சந்தனத்தைக் குழைத்து, நடுவில் குங்குமம். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு என் கையால் வைத்த பொட்டு அது.

மறுநாள் கம்ப்யூட்டரில் போட்டதும் கரகரவென்று அரைபட்டது. திரையில் ஒன்றும் வரவில்லை. பயந்துபோய்ப் பிளாப்பியை எடுத்து முந்தானையால் துடைத்தேன். துடைத்ததில் மிச்சமிருந்த உயிரும் போயிருக்கும். அந்த பிளாப்பிக்கு நகல் எடுக்கமுடியாதபடி கம்பெனி பூட்டு வைத்திருந்தது. இருந்தது அது ஒன்றுதான்.

கொழுந்தனார் வந்து பார்த்தார். கரண்டு ஏறி இறங்கியதில் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவைத்தேன். அவர் டைரியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். "அவுங்கவுங்களுக்கு ஒத்த வேலைன்னு ஒண்ணு இருக்குதுங்க அண்ணி. எம் பேருக்குக் குத்தகைப் பத்திரம் எழுதிட்டு ஊட்டுல நிம்மதியா இருங்க. வார வெள்ளிக்கெழமை நல்ல நாளு" என்றார். கடலைப் புண்ணாக்கு லோடு வராமல், பழைய கலவையும் ஓட்டமுடியாத வாரம் அது. பொம்பளைக்கு மில் எதற்கு என்று மிஸ்திரி சொன்னதும் என் காதில் விழுந்தது.

புதன்கிழமை நீங்கள் வந்தீர்கள். பிளாப்பியைப் பார்த்தீர்கள். பிறகு அதன் உறையைப் பார்த்தீர்கள். உள்ளே குங்குமம் ஒட்டியிருந்தது. என் நெற்றியைப் பார்த்துவிடக் கூடாதென்று நீங்கள் தலையைக் குனிந்துகொண்டது எனக்குத் தெரிந்தது.

"நான்தானுங்கண்ணா வெச்சேன்" என்றேன்.

"எதுக்குங்க அம்மணி?"

"இந்த மில்லுல என்னோடதுன்னு இருக்கறது இது ஒண்ணுதானுங்க."

பிளாப்பியை உறைக்குள் திரும்பப் போட்டீர்கள். பிறகு, "கீபோர்டுக்கு வெச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்களே" என்றீர்கள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மெஷினின் உள்பக்கத்தைத் துடைத்துவிட்டு, அன்றைக்கே மெட்ராஸ் பஸ் ஏறினீர்கள். வெள்ளிக்கிழமை காலை, பத்திரக்காரர் வந்து உட்கார்ந்திருந்தபோது, புது பிளாப்பியோடு நிலைப்படியில் வந்து நின்றீர்கள். எல்லோர் முன்னாலும் கலவையை எடுத்துக் காட்டினேன். பத்திரக்காரர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

வேறு பிளாப்பி தரவேண்டுமென்றால் பழையது எப்படிக் கெட்டது என்று ஏஜென்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டுமாம். "என்னங்கண்ணா எழுதினீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன். "நான் காபியைக் கொட்டிட்டேன்னு எழுதினேனுங்க. காபியும் சந்தனமும் காஞ்சா ஒரே நெறந்தானுங்களே" என்றீர்கள். ஏதோ விளையாட்டுக் காரியம்போல. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் கம்பெனியிலிருந்து எனக்கு நேராக ஒரு கடிதம் வந்தது. கொழுந்தனார்தான் பிரித்தார். மக்காச்சோளக்காரர், மிஸ்திரி எல்லோரும் இருக்கும்போது இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் அர்த்தம் சொன்னார். புரோகிராமைப் புதிதாகத் திருத்திப் போட்டிருக்கிறார்களாம். இந்தப் பகுதி ஏஜென்ட் தன் கவனக்குறைவால் வாடிக்கையாளரின் பிளாப்பியைப் பாழாக்கியதாகத் தானே எழுதித் தந்திருக்கிறாராம். ஆகவே இனிமேல் எங்களிடமே நேராக வாங்கிக்கொள்ளலாம், இத்துடன் இருக்கும் தாளில் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும் என்று எழுதியிருந்தது.

கொழுந்தனார் கடிதத்தை மடித்தார். "காபியைக் கொட்டினானா? நீங்க கரண்டுன்னுல்ல சொன்னீங்க அண்ணி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொட்டு வைத்தது நான்தான் என்று சொன்னால் என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் முழுக்க யோசித்துவிட்டேன். தாலியறுத்தவள் பூஜைத் தட்டைத் தொட்டாள், அதனால்தான் மெஷின் நின்றது என்பார்கள். மிஸ்திரி அன்றைக்கே நின்றுவிடுவார். பத்திரக்காரர் திரும்ப வருவார். இதற்கெல்லாம் வெகுநேரம் ஆகவில்லை.

"ஆமாங்க, அவர்தான் கொட்டினாரு. பாவம், பொழப்பு போயிருமேன்னு மறைச்சேன்" என்றேன்.

பொய் சொன்னதோடு விடாமல், இரக்கப்பட்டவள் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டேன். மக்காச்சோளக்காரர்கூட, "அம்மணிக்கு எளகின மனசுங்க" என்றார். தாளில் கையெழுத்துப் போட்டேன்.

பார்சல் வந்த வாரமும் நீங்கள் வந்தீர்கள். மேஜைமேல் மெட்ராஸ் முத்திரையோடு அட்டைப்பெட்டி இருந்தது. ஒளித்துவைக்கவாவது தோன்றியிருக்கலாம் எனக்கு. நீங்கள் வழக்கமான இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"இல்லீங்கண்ணா."

"போடுங்க, பாப்போம்."

சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கொடுத்தீர்கள். நீங்கள் விற்காத சரக்குக்கு நீங்கள் பாடம் நடத்தினீர்கள். கம்பெனி உங்களுக்கும் எழுதியிருக்கும், நான் என்ன சொன்னேன் என்பது மக்காச்சோளக்காரர் மூலம் சேலம்வரை போயிருக்கும், எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். எழுந்து பையை எடுத்துக்கொண்டு, "நல்லா ஓட்டறீங்க. இனி என்ற தொணை வேண்டியதில்லீங்க" என்றீர்கள். "போயிட்டு வாரேனுங்க" என்றும் சொன்னீர்கள். அடுத்த புதன்கிழமைக்கும் துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு பஸ்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதற்கடுத்த வாரம் எழுதவில்லை.

உங்கள் ஏஜென்சியை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அம்மாபேட்டையில் யாரோ சொந்தக்காரரின் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறீர்கள் என்றும் தெரிந்தது. நாமக்கல்லிலிருந்து சேலம் என்ன சீமையா? கொழுந்தனார் தனி மில் போட்டுப் போனார், அப்போது சின்னப் பையனாக இருந்த என் மகன் வளர்ந்து பெங்களூருக்குப் போனான், எனக்குப் பயப்பட ஆளே இல்லாமல் போனது. அப்புறமும் நான் வரவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டே தலை நரைத்துவிட்டது.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒருவர், "நம்ம கம்ப்யூட்டர்காரர் தவறிட்டாருங்களே, தெரியாதுங்களா?" என்றார். மறுநாளே விலாசம் விசாரித்துக்கொண்டு அம்மாபேட்டையில் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் வீட்டம்மாவை நான் பார்த்ததே இல்லை. யாரென்று சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தீவன மில் அம்மணிங்களா! சொல்லிச் சொல்லி மாய்வாருங்க உங்களைப் பத்தி" என்றார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு டம்ளர் காபியால போச்சுங்க அந்தப் பொழப்பு. கையில ஒரு நெதானம் இல்லாத மனுசன்னு நானும் கடைசிவரைக்கும் திட்டிட்டேதானுங்க இருந்தேன். காபி டம்ளரை நீட்டும்போதெல்லாம், இதையும் கொட்டிராதீங்கன்னுதான் நீட்டுவேன். சிரிச்சுக்குவாரு."

அவரிடம்கூட நீங்கள் சொல்லவில்லை.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன், அண்ணா. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கும் அன்னைக்கு எத்தன சிரமம் குடுத்துட்டாரு, மனசுல வெச்சுக்காதீங்க. கைதான் சரியில்லீங்க, மனசு தங்கம்" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என்றுதான் இன்று இந்தக் காகிதத்தை எடுத்தேன். மூன்று முறை ஆரம்பித்துக் கிழித்துப்போட்டேன். உங்களுக்கென்று ஆரம்பித்ததும் நிற்காமல் வந்துவிட்டது. எல்லாம் தெரிந்த உங்களுக்கு இத்தனை பக்கம் எழுத முடிகிறது. தெரியாதவர் அம்மாபேட்டையில், நீங்கள் கொட்டாத காபியை நினைத்துத் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.