சமாதானம் வேண்டாம் என்று கேட்டவள்

1972 ஜூலை 4, செவ்வாய்

இன்றைக்கும் ஜுலைகா வந்தாள். செவ்வாய்க்கிழமை நான் அந்தோணியார் கோயிலுக்குக் கிளம்புகிற நேரம் அவளுக்குத் தெரியும். முந்தானைக்குள் ஒரு மெழுகுவர்த்தி. "மேரிக்கா, தம்பிக்காக ஏத்திடு" என்பாள். அதற்கு மேல் பேச்சில்லை.

அவள் தம்பி சின்ன வயதிலேயே மாமாவோடு கராச்சிக்குப் போனவன். அங்கே பட்டாளத்தில் சமையல்காரன். டாக்காவில் பிடிபட்டு, இப்போது வடக்கே ஏதோ முகாமில் நம்மிடம் கைதி. எங்கள் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் அவள் புருஷன் ரஹீம் பாய்க்கு ஒர்க்‌ஷாப்பில் என்ன ஆகுமோ என்று பயம்.

அதே சண்டையில்தான், பஞ்சாப் பக்கம், என் பிள்ளை ஆரோக்கியம் போனான். போன டிசம்பர்.

சிம்லாவில் ஒப்பந்தம் ஆகிவிட்டதாம். கோயிலில் என் மெழுகுவர்த்தியை ஏற்றினேன். அவளுடையதை ஏற்றக் கை வரவில்லை. பையிலேயே திரும்பி வந்தது. இப்படி வந்ததெல்லாம் அரிசி டின்னுக்குப் பின்னால் கிடக்கிறது.

ஜூலை 9, ஞாயிறு

நாடுகளுக்குள் நிலையான சமாதானம் வேண்டும் என்று மன்றாடச் சொன்னார் சாமியார். எல்லாரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். என் வாய் திறக்கவில்லை.

அப்படி மட்டும் எழுதினால் பொய். உள்ளே நான் கேட்டது வேறு. இப்ப வேண்டாம் ஆண்டவரே. சமாதானம் வந்தால் அவள் தம்பி வீட்டுக்குப் போவான். என் பிள்ளை எங்கே போவான்? நல்லா இருக்கவனைப் பாத்து வயிறு எரியுதே எனக்கு, நானும் ஒரு தாயா?

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் கேட்டேன், இந்தத் தடவையாவது நிற்குமா என்று. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தாஷ்கண்ட்லயும்தான் கையெழுத்துப் போட்டாங்க. அப்ப நம்ம பய அரைக்கால் சட்டை. அவன் பட்டாளத்துல சேர்ற வயசு வர்ற வரைக்கும் நின்னுச்சு."

பிறகு மோர் கேட்டார்.

அக்டோபர் 17, செவ்வாய்

இன்றும் ஏற்றவில்லை.

நவம்பர் 23

சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. தீப்பெட்டியும் கையுமாகத் தடவினேன். அவள் கொடுத்ததில் ஒன்று அகப்பட்டது. அடுப்படியில் ஏற்றி வைத்துக் குழம்பு தாளித்தேன். வேண்டுதலுக்கு என்று கொடுத்ததை.

அந்த நேரம் பார்த்து ஜுலைகா புளி கேட்டு வந்து நின்றாள். "எங்க வீட்ல கும்மிருட்டுக்கா. ஒரு மெழுகுவர்த்திகூட இல்ல" என்று சிரித்தாள். இருந்ததையெல்லாம் என்னிடம்தானே கொடுத்திருக்கிறாள். டின்னுக்குப் பின்னாலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டினேன். நாளைக்கே வாங்கித் திருப்பித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.



1973 ஆகஸ்ட் 29, புதன்

நேற்று டெல்லியில் கையெழுத்து ஆயிற்று. கைதிகளை அனுப்பப் போகிறார்கள். அவர் பேப்பரை வாசித்துக் காட்டினார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வரவில்லையே என்று பயம்தான் வந்தது. செருப்புகூடப் போடாமல் ஜுலைகா வீட்டுக்குப் போய்விட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் — புள்ள, நீ குடுத்தது ஒண்ணையும் நான் ஏத்தலடி, அவன் போகக் கூடாதுன்னே இருந்தேன்டி, சமாதானமே வேண்டாம்னு கேட்டேன்டி.

அவள் கை நின்றது. அடித்தாலும் அடிக்கட்டும் என்று நின்றேன்.

"நானும் அதைத்தான்க்கா கேட்டேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"கம்பிக்குள்ள கிடந்தாலும் இந்தப் பக்கம்தானே கிடக்கான். ஒரு தடவ கண்ணால பாத்துட்டா போதும், அப்புறம் போகட்டும்னு. மனு போட இவரு பயந்துட்டாரு. சமாதானம் ஆச்சுன்னா ரயில் ஏத்திடுவாங்க. அப்புறம் எந்தக் காலத்துல பாக்க? நக்கோ, வேண்டாம் அல்லா, இப்ப நக்கோன்னு தொழுதேன். அங்க அவன் புள்ளைங்க வாசல் பாத்துக் கிடக்கும், தெரியும். தெரிஞ்சேதான் கேட்டேன்."

விடுதலைக்குத்தான் ஏற்றச் சொல்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏற்றியிருந்தால் ஒருவேளை பார்த்திருப்பாளோ? அந்த அந்தோணியார் ஒரு வழி காட்டியிருப்பாரோ? அதையும் கெடுத்தேனா?

ஊரே சமாதானம் கேட்டபோது இந்த ரெண்டு வீட்டில் வேண்டாம் என்று கேட்டிருக்கிறோம். இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொரு தேசத்திலும் இப்படி எத்தனை வீடு இருக்குமோ. பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு என்ன? எங்களை யார் சரிக்கட்டுவது?

செப்டம்பர் 2, ஞாயிறு

மன்றாட்டில் நானும் வாய் திறந்தேன். வாய் மட்டும்தான்.

1974 பிப்ரவரி 11

ஜுலைகாவின் தம்பி கராச்சி போய்ச் சேர்ந்துவிட்டான். துபாயில் இருக்கிற அவர்கள் சொந்தக்காரர் எழுதியிருக்கிறார். ரஹீம் பாய் அதைச் சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார். இவள் அடுப்பு மூட்டவில்லை. தரையில் சுருண்டு கிடந்தாள்.

கஞ்சி காய்ச்சி, துவையல் அரைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போனேன், சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி. எழுப்பி உட்காரவைத்து ஊட்டினேன். ரெண்டு வாய் குடித்தாள். பிள்ளைகளைப் பார்த்திருப்பான் இல்லையா என்று கேட்டாள். "பாத்திருப்பான்டி" என்றேன்.

திரும்பும்போது எதிர்வீட்டுக் கமலா தூக்குவாளியைப் பார்த்துவிட்டாள்.

"யாருக்கா போயிட்டாங்க?"

"யாரும் சாகல" என்றேன். "ஒரு புள்ள வீடு போய்ச் சேந்துட்டான்."

கமலா என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போய்க் கொஞ்சம் படுங்கக்கா என்று மெதுவாகச் சொன்னாள். ஆரோக்கியத்தைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

நான் திருத்தவில்லை.