அக்காவின்ரை கோடுகளுக்கு மேலை நான் ஒட்டின லேபல்

என்னைத் தூக்கி வளர்த்த அக்காவுக்கு,

உங்கடை முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக் கிரியை முடிஞ்சு நாலு நாள். வந்த சனமெல்லாம் போட்டுது. எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்குக் கடிதமோ எண்டு ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். இதைப் பேப்பரிலை போடத்தான் குடுக்கிறன். நான் செய்தது நாலு பேருக்குத் தெரியவேணும்.

முதலிலை கடைப் புதினம். எங்கடை பண்டத்தரிப்பிலை இப்ப மிளகாய்க்குத் தண்ணி இறைக்கிற காலம். பழுதான இறைப்பு மிசினைக் கழட்டிக்கொண்டு சனம் வந்தபடி. ஒருத்தருக்கு வால்வு, ஒருத்தருக்கு வாசர். நான் கண்ணாடியைப் போட்டுத் தேடுறதுக்கிடையிலை, "உன்ரை அக்கா எண்டால் இப்ப கையிலை தந்திருப்பா" எண்டு சொல்லுகினம்.

அம்மா போனபிறகு என்னை வளர்க்கவெண்டு நீங்கள் பள்ளிக்கூடப் பக்கமே போகேல்லை. நான் மிசின் சாமான் கடை போட்ட நாள் துவக்கம் பின்னறை உங்கடை பொறுப்பு. பால்மா முடிஞ்ச தகரப் பேணியளிலை சாமானைப் போட்டு, கறுப்புப் பெயின்ராலை கோடு இழுத்து வைப்பியள். தடிச்ச கோடு எண்டால் எஞ்சின் சாமான், மெல்லிசுக் கோடு எண்டால் பம்புச் சாமான். எத்தினை கோடு, எவ்வளவு நெருக்கம் எண்டதிலை அளவு இருக்கும். எனக்கே அது முழுக்க விளங்கினதில்லை. ஆனால் வந்தவர் கேட்டு வாய் மூட முன்னம் சாமான் மேசையிலை இருக்கும்.

வெளிநாட்டுச் சாமானை இறக்க அரசாங்கம் வழி திறந்த கையோடை, தங்கடை மிசினுக்கு ஏஜென்சி தர முன்னம் கடையைப் பார்க்கவேணும் எண்டு கொழும்புக் கொம்பனியொண்டு எழுதினது. எனக்கு வெட்கம் வந்திட்டுது. ஓம் அக்கா, வெட்கம்தான். உந்தக் கோடுகளைக் கண்டால் பட்டிக்காட்டுக் கடை எண்டு நினைப்பாங்கள் எண்டு பயந்தன். நீங்கள் அளவெட்டிக்குக் கலியாண வீட்டுக்குப் போயிருந்த ரண்டு நாளிலை, இங்கிலீசெழுத்தும் இலக்கமுமாய் அச்சடிப்பிச்ச லேபலுகளை உங்கடை கோடுகளுக்கு மேலை ஒட்டினன். ஒரு கோடும் வெளியிலை தெரியாமல் பார்த்துப் பார்த்து ஒட்டினன். உங்களிட்டை ஒரு வார்த்தை கேட்கேல்லை.

நீங்கள் திரும்பி வந்த அண்டு ஒருத்தர் பம்பு வாசர் கேட்டார். உள்ளுக்கை போன உங்களைக் கனநேரமாய்க் காணேல்லை. எட்டிப் பார்த்தன். ஒவ்வொரு பேணியாய்த் திறந்து பார்த்துக்கொண்டு நிண்டியள். என்னைக் கண்டதும், "தம்பி, நீயே எடுத்துக் குடு" எண்டியள். அடுத்த நாள் முழங்கால் நோகுது எண்டு வீட்டிலை நிண்டிட்டியள். அது பொய் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், கொம்பனிக்காரர் வரேக்கை நீங்கள் கடையிலை இல்லாதது எனக்கு நிம்மதியாய் இருந்தது. இப்பிடியும் ஒரு தம்பி இருப்பானோ?

ஏஜென்சி கிடைச்சுது. வாசலிலை கொம்பனிப் பெயரோடை பெரிய போட் தொங்குது. வீட்டுக்கும் கடைக்கும் நாலு எட்டுத்தான், ஆனால் எட்டு மாதமாய் நீங்கள் கடைப்படி மிதிக்கேல்லை. மத்தியானம் நீங்கள் போட்டுத் தந்த சோத்தை, உங்கடை முகத்தைப் பாராமல் திண்டிட்டுப் போனன். பிறகு ஒரு காலமை நெஞ்சு நோகுது எண்டியள். ஆஸ்பத்திரிக்குக் கார் பிடிக்கிறதுக்கிடையிலை எங்களை விட்டிட்டுப் போட்டியள்.

நேற்று உங்கடை சீலையளை எடுக்கவெண்டு றங்குப்பெட்டியைத் திறந்தம். அடியிலை ஒரு கொப்பி. அச்சுப் பிழைச்சுப்போச்செண்டு நான் எறிஞ்ச லேபலுகளைப் பொறுக்கிச் சோத்துப் பசையாலை ஒட்டியிருந்தியள். ஒவ்வொண்டுக்கும் பக்கத்திலை பென்சிலாலை உங்கடை கோடு. அதுக்குக் கீழை, லேபலைப் பார்த்து இலக்கம் எழுதிப் பழகியிருக்கிறியள். நாலு எண்ட இலக்கம் மட்டும் கடைசிப் பக்கம்வரை இடம் வலம் மாறி மறுவளமாய்த்தான் இருக்குது.

என்ரை மனிசி சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான்தான் ஒவ்வொண்டும் என்ன சாமான் எண்டு வாசிச்சுச் சொன்னனான். உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு மச்சாள் சத்தியம் வாங்கினவ. எல்லாம் பாடமாக்கிப்போட்டு இருப்பன், தம்பி கூப்பிட்டால் கடைக்குப் போவன் எண்டு சொன்னவ."

தம்பி கூப்பிட்டால். அக்கா, ஒருக்கால் கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பியளே. என்ரை வாய்க்கு என்ன வந்தது? எனக்குத் தாங்கேலாமல் கிடக்குது.

இண்டைக்குக் காலமை கொப்பியைக் கொண்டு அச்சுக்கூடத்துக்குப் போனன். "உது என்ன கோடு?" எண்டு அச்சுக் கோக்கிறவர் கேட்டார். "எங்கடை அக்காவின்ரை எழுத்து" எண்டன். புது லேபலிலை மேலை உங்கடை கோடு, கீழை இலக்கம். கொம்பனிக்காரருக்குப் பிடிக்காட்டில் ஏஜென்சியைத் திருப்பி எடுக்கட்டும்.

ஆனால் அந்தக் கோட்டை வாசிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் போட்டுது. அதாலை நான் பழகிறன், அக்கா. கடை திறக்க முன்னம் ஒவ்வொரு காலமையும் உங்கடை கொப்பியிலை ஒரு பக்கம். கண்ணாடி போடாமல், லேபலை வாசிக்காமல், உங்கடை கோட்டைப் பார்த்தே சாமான் எடுக்கிற நாள்வரைக்கும் விடமாட்டன். இது சத்தியம்.

இப்பிடிக்கு,
நாலு எட்டு நடந்து வந்து கூப்பிடாத
உங்கடை தம்பி