ஐந்தரை மீட்டர் தள்ளி நின்ற கல்

அன்புமிக்க ரமா அப்பாவுக்கு,

ரமா பிறந்ததிலிருந்து இப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டேன். அதற்கு முன்னால் என்னவென்று கூப்பிட்டேன்? "இங்க பாருங்க" என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் போய்ப் பதினொரு மாதமாகிறது. இனிமேல் புதிதாகப் பெயர் சொல்லிக் கூப்பிட வராது.

ஷார்ஜா தமிழர்கள் சேர்ந்து ஆண்டு மலர் போடுகிறார்கள். உங்களைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டுமாம். செயலாளர் வீட்டுக்கே வந்தார். "பாலைவனத்துக்கு எல்லை வகுத்த தமிழர்னு தலைப்பு வச்சாச்சு மேடம், கீழ மட்டும் நீங்க எழுதிக் கொடுத்தாப் போதும்" என்றார். நான் இதைத்தான் கொடுக்கப் போகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

குடும்ப வரலாறும் கேட்டார், சொன்னேன். உங்கள் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் ஆனைமலைக் காடுகளில் சர்வேச் சங்கிலி இழுத்து, மலைக் காய்ச்சலோடு திரும்பியவர். உங்கள் அப்பா தாலுகா சர்வேயர். ஒரு மிராசுதாரின் வரப்பை நேராக அளந்து காட்டியதற்காக ஊர் ஊராகத் துரத்தப்பட்டவர். குடும்பச் சொத்தாக உங்களுக்கு வந்தது ஒரு கட்டு மாற்றல் உத்தரவு. இந்த எமிரேட்டுகள் சேர்ந்து ஒரு நாடான மறு வருடம் நீங்கள் வந்தீர்கள். எண்ணெய் வரும் வரை யாரும் எல்லை கேட்காத மணல் இது. செயலாளர் "பிரமாதம்" என்று குறித்துக்கொண்டார்.

கிணற்றைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. உங்களிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பழைய காவல் கோபுரத்திலிருந்து தெற்கே எட்டுக் கிலோமீட்டரில் எல்லைக்கல் என்பது ஒப்பந்தம். கல்லுக்கு இந்தப் பக்கம், உங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளியான கஃபீலின் சொந்தக்காரர்கள், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். குடிக்கிற மாதிரி தண்ணீர் உள்ள கிணறு அங்கே ஒன்றே ஒன்று. தூரம் காட்டும் கருவி பழுதாகிக் கிடந்ததால் எஃகு டேப்பைப் போட்டு அளந்தீர்கள். வெயிலில் டேப் நீளும். ஏற்கெனவே இருக்கிற இரண்டு இடங்களுக்கு நடுவே அளந்தால் அந்த நீட்சியைக் கூட்ட வேண்டும். புதிதாக ஒரு கல் வைக்க அளந்துகொண்டு போனால் கழிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் மற்றவர்கள் சினிமாவுக்குப் போனார்கள், நாம் இதைப் பேசிக்கொண்டிருந்தோம்.

கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும் என்பது ஆபீஸ் விதி. இரண்டாவது ஆள் ஊருக்குப் போய்விட்டதால், கணக்கில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டுச் சாம்பார் வைத்துக்கொண்டிருந்த நான் இரண்டாவது ஆள் ஆனேன்.

புதன்கிழமை தாள்களை என்னிடம் கொடுத்துவிட்டு, வியாழன் விடிந்ததும் கேம்ப்புக்குக் கிளம்பினீர்கள். ஞாயிற்றுக்கிழமை விமானம். திருச்சியில் உங்கள் அப்பா படுத்த படுக்கை. சனிக்கிழமை இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டதும் உங்கள் பாஸ்போர்ட்டைத் தருவதாகக் கஃபீல் சொல்லியிருந்தார்.

அன்றைக்குப் பத்து மணிக்கெல்லாம் பிழை கண்ணில் பட்டுவிட்டது. கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருந்தீர்கள். மனசு திருச்சியில் இருந்திருக்கும். வித்தியாசம் ஐந்தரை மீட்டர். அதில் கிணறு கஃபீல் பக்கம் போய்விட்டது.

கணக்கு பிழை என்றால் முழு தூரத்தையும் மறுபடி அளக்க வேண்டும், அதுவும் விதி. நான்கு நாள் ஆகும். ஞாயிறு விமானம் போனால் அடுத்த சீட்டு மூன்று வாரம் கழித்துத்தான். உங்கள் அப்பாவுக்கு மூன்று வாரம் இருந்ததா?

பதினொரு மணிக்கு டிரைவர் குல் பாய் வந்தார். கல் நட ஆட்கள் காத்திருக்கிறார்கள், பிழை இல்லையென்றால் ஒரு வார்த்தை போதும் என்று நீங்கள் சொல்லியனுப்பியதாகச் சொன்னார்.

"சப் டீக் ஹை, பாய்" என்றேன்.

எல்லாம் சரி என்று சொல்லும் அளவுக்குத்தான் எனக்கு இந்தி பேச வரும். ஒரு கிணற்றைக் கை மாற்ற அது போதுமானதாக இருந்தது.

வெள்ளி சாயங்காலம் வந்தீர்கள். கல் நட்டாயிற்று, கஃபீல் இரண்டு பக்கத்துக்கும் விருந்து வைத்தார் என்று பெட்டி கட்டிக்கொண்டே சொன்னீர்கள். அந்தப் பக்கத்துக் கிழவர் மட்டும் தட்டைத் தொடாமல் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"என்னங்க, நான் இன்னொரு தடவ பாத்தேன். சூட்டுக்குக் கூட்டியிருக்கீங்க. கழிக்கணும்."

தாளை வாங்கி நின்றபடியே படித்தீர்கள்.

"கல்லு நட்டாச்சே, கமலா."

"தெரியும்."

"சிமென்ட்டும் இறுகிப்போச்சு." பெட்டி மேல் உட்கார்ந்தீர்கள். "நல்லவேளை, இன்னொரு தடவ பாத்தியே."

முதல் தடவையே பார்த்துவிட்டேன் என்று அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் கூடாரத்தில் நடந்ததைக் குல் பாய்தான் வந்து சொன்னார். துப்பாக்கி வைத்திருந்த இரண்டு கூட்டத்துக்கு நடுவில் நின்று, அரைகுறை அரபியில், பிழை என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை என்றீர்களாம். கிழவர் உனக்கு எவ்வளவு கொடுத்தார் என்று ஒருவன் கேட்டானாம். கஃபீல், முடிந்தது என்ற பொருளில் ஒரே வார்த்தை சொன்னார்: "கலாஸ்." கல் சரியான இடத்துக்குப் போனது, உங்கள் பாஸ்போர்ட் அவருடைய மேஜை டிராயரிலேயே ஏழு மாதம் கிடந்தது.

வியாழனன்று நான் சொல்லியிருந்தால், கல் நட அடையாளத்துக்கு அடித்திருந்த வெறும் மர முளைதான் அது. மறுபடி அளந்து, பிடுங்கி ஐந்தரை மீட்டர் தள்ளி அடித்திருப்பீர்கள், யாருக்கும் தெரிந்திருக்காது. மூன்று வாரம் கழித்தாவது திருச்சிக்குப் போயிருப்பீர்கள். கல்லை நட்டு விருந்தும் சாப்பிட்ட பிறகு சொன்னதால், அது கஃபீல் வீட்டார் கையிலிருந்து கிணற்றைப் பறித்த காரியமாகிவிட்டது.

ஐந்தாவது வாரம் தந்தி வந்தது. மூத்த பிள்ளை நீங்கள் இருக்க, உங்கள் தம்பி கொள்ளி வைத்தார். "உத்தியோகம்தான் பெரிசுன்னு இருந்துட்டே. இனிமே எனக்கு எழுதாதே" என்று ஒரே ஒரு கடிதம். பதில் எழுதச் சொன்னேன். "அவன் கோபம் நியாயம்தானே" என்றீர்கள். கடைசி வரை எழுதவில்லை. ஆனால் விருந்துக்குப் போன வீட்டிலெல்லாம் "என் பொண்டாட்டிதான் பிழையைப் பிடிச்சா" என்று சொல்லிப் பெருமைப்பட்டீர்கள். நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்து வைப்பேன். உங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லையா? வந்தும் கேட்காமல் விட்டீர்களா?

இப்போது அந்த ஆபீஸில் கணக்குப் போடும் வேலை எனக்கே கிடைத்திருக்கிறது. ஜப்பான் கால்குலேட்டர் கொடுத்திருக்கிறார்கள். கூட்டச் சொன்னால் கூட்டுகிறது, அதற்கு ஊரில் அப்பா இல்லை. கிழவரின் பேரன்கள் அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைப்பதைப் போன வாரம் பார்த்ததாகக் குல் பாய் சொன்னார். ரமா உங்களைப் பற்றி இங்கிலீஷில் கேட்கிறாள், நான் தமிழில் சொல்கிறேன்.

அடுத்த மாதம் உங்கள் முதல் திவசம். நமக்கு மகன் இல்லாததால் உங்கள் தம்பி செய்வதாக எழுதியிருக்கிறார். "கடமைக்குச் செய்கிறேன், அண்ணி" என்று அந்த வார்த்தைக்கு அடியில் கோடு போட்டிருக்கிறார்.

ரமாவை அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் போகிறேன். தம்பி எள்ளைக் கையில் எடுப்பதற்கு முன், குல் பாயிடம் நான் என்ன சொன்னேன் என்பதையும், தெரிந்தேதான் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்னை உட்காரச் சொல்வாரா, வெளியே போகச் சொல்வாரா, தெரியாது. வெளியே நிற்கச் சொன்னால் நின்றுகொள்கிறேன். உங்கள் மேல் கோபமில்லாத கையால் அந்தத் தண்ணீர் விழட்டும்.

உங்கள் மனைவி,
அவருக்கு அண்ணி,
கமலா