சர்க்கரை டப்பாவைத் தேடாதீர்கள்

என்னங்க,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியைக் கீழ்வீட்டு டெய்லரக்காவிடம் கொடுங்கள். நான் என் அக்கா வீட்டுக்குப் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன். கோபித்துக்கொண்டெல்லாம் போகவில்லை.

நேற்று நீங்கள் மறந்து விட்டுப்போன கண்ணாடியைக் கொடுக்க உங்கள் அச்சகத்துக்கு வந்தேனே, வாசலிலேயே கேட்டுவிட்டது. அந்த பைண்டிங் அம்மணி டீயை நீட்டி, "சர்க்கரைக்குப் பதிலா அந்த இனிப்பு மாத்திரை போடட்டுமா சார்?" என்றாள். நீங்களோ, "எதுக்குங்க? உங்க கையால குடுத்தா சும்மாவே இனிக்குது" என்று பல்லைக் காட்டினீர்கள்.

வீட்டில் மட்டும் நாக்குக்கு என்ன கேடு? டாக்டர் சொன்னபடி ஒரு மாத்திரை போட்டுக் கொடுத்தால், "இது டீயா, கஷாயமா?" என்று முகத்தைச் சுளிக்கிறீர்கள். மூன்று போட்டாலும் போதவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பியதும் சர்க்கரை டப்பா மூடி திறக்கிறது. எனக்கென்ன காது செவிடா?

டப்பாவைக் கையோடு எடுத்துப் போகிறேன்.

பி.கு.: பிளாஸ்கில் டீ இருக்கிறது. சர்க்கரை இல்லை, மாத்திரையும் இல்லை. என் கையால் போட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்று: குடிச்சிட்டு இனிக்குதுன்னு சொல்லுங்க. பொய்யாவது சொல்லுங்க. அங்க சொன்னீங்கல்ல?